மனைவி என்றொரு கோப்பு

புகார் சொல்ல வருகிறவர்கள் கத்துவார்கள். கம்பெனியில் புகார்களை விசாரிக்கிற என்ஜினியர் சம்யுக்தாவுக்கு அது பழகிப்போன சங்கதி. திங்கட்கிழமை வந்த வசந்தி கத்தவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, அதன் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாகத் தாழ்ந்த குரலில் பேசினார். 

"என்ற தங்கச்சி பேரு கௌசல்யாங்க. போன மார்ச்சுல உங்க கம்பெனி வில்லைதான் வெச்சு உட்டாங்க."

"இப்ப வில்லை வேலை செய்யலீங்களா?"

"செய்யுதுங்க. நல்லாவே செய்யுது. வெள்ளிக்கிழமை அவ புருசன் வந்து கதவத் தட்டுனான். இவ திறந்து, அவனப் பார்த்துச் சிரிச்சா." வசந்தி ஜிப்பை ஒரு முறை இழுத்து மூடினார். "அவ மண்டையில அடிபட்டதே அவன் அடிச்சதுலதானுங்க. இரும்புப் பைப்புல அடிச்சான். கேஸு நடக்குது, ஜாமீன்ல வெளிய வந்திருக்கறான். அவனுக்கு டீ போட்டுக் குடுத்து, துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு அவங்கூடயே அன்னூருக்குப் போயிட்டா. போலீஸ்ல கேட்டா, 'வெவரம் தெரிஞ்ச பொம்பளை, இஷ்டப்பட்டுத்தானே போயிருக்குது'ங்கறாங்க."

வில்லை என்பது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கிற, பொத்தான் அளவுக் கருவி. தலையில் அடிபட்டவர்கள் சிலருக்கு ஒரு விசித்திரமான கேடு வந்துவிடும். எதிரில் நிற்பது மகன் என்று தெரியும். பெயர், வயது, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் தெரியும். ஆனால் மகனைப் பார்த்தால் என்ன தோன்ற வேண்டுமோ அது தோன்றாது. ரேஷன் கடைக்காரரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அந்தத் தோன்றலைத் திருப்பிக் கொடுப்பதுதான் வில்லையின் வேலை. ஆபரேஷனுக்கு முன் நோயாளியைப் பத்து நாள் படுக்கவைத்து, ஒவ்வொரு உறவுக்கும் மூளையின் அடியாழத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்று அலசி, ஆளுக்கொரு சின்னக் கோப்பாகப் பதிந்துகொள்வார்கள். மகன் ஒரு கோப்பு, அக்கா ஒரு கோப்பு, கணவன் ஒரு கோப்பு. இந்த இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டில் கோயம்புத்தூரில் மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் காதுக்குப் பின்னால் வில்லையோடு நடமாடுகிறார்கள்.

சம்யுக்தா கௌசல்யாவின் புரோகிராமை எடிட்டரில் திறந்தாள். பாட்டன் காலத்து சி மொழி. உலகமே அதை விட்டு ஓடினாலும், உடம்புக்குள் வைக்கிற கருவிகளுக்கு இன்னும் அதுதான். முதல் பத்துப் பதினைந்து வரிகள் இன்க்ளூட் வரிகள். இன்ன உறவுக் கோப்பை இங்கே கொண்டுவந்து சேர் என்கிற கட்டளைகள். 'கணவன்' என்ற பெயர்மேல் கர்சரை வைத்து ஒரு சாவியைத் தட்டினாள். எடிட்டர் அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்துத் திறந்து காட்டியது. அச்சம் தொண்ணூற்றாறு. நம்பிக்கை இரண்டு. நியாயமான எண்கள்தான். அந்தக் கோப்போடு இருக்கிறவள் அவனுக்குக் கதவைத் திறந்திருக்கவே மாட்டாள்.

"கோப்பு சரியாத்தான் இருக்குதுங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"அப்ப என்ற தங்கச்சி சரியில்லைங்கறீங்களா?" என்று வசந்தி கேட்டார். சம்யுக்தா இரண்டு நாள் அவகாசம் கேட்டு அனுப்பிவைத்தாள்.

மேலாளர் சென்னியப்பனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "குடும்பச் சண்டைம்மா. இன்னிக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குக் கூடிக்குவாங்க. நம்ம கோப்பு சரியா இருக்குதல்ல? அப்படியே எழுதிப் பைலை மூடு" என்றார். பைலை மூடுவதில் அந்த மனிதருக்கு இருக்கிற கைராசி திறப்பதில் கிடையாது.

வீட்டுக்கு வந்தும் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே சாப்பிட்டாள். அவள் கணவன் யுகேந்திரன்தான் கையைப் பிடித்து இழுத்துச் சோபாவில் உட்காரவைத்தான்; எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினான்; அவள் முழங்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தான்.

"என்ன, ஆபீஸ்ல எவனாவது ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணுமில்ல யுகி."

"ஒண்ணுமில்லாமயா மூஞ்சி இப்படி இருக்குது? சொல்லு. நானெதுக்கு இருக்கறேன்?"

ஆறு மாதத்துக்கு முன்னால் இந்த மனிதன் இப்படி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். ஸ்பின்னிங் மில்லில் மெஷின்களைப் பராமரிக்கிற வேலை அவனுக்கு. மில்லின் மேல்தளத்திலிருந்து விழுந்து மண்டை உடைவதற்கு முந்தைய இரண்டு வருடம், அந்த வீட்டில் பேச்சு என்பது பால் பாக்கெட்டுக்கும் கேஸ் சிலிண்டருக்கும்தான். சண்டைகூட வற்றிப்போயிருந்தது. அவனுக்கு ஜனவரியில் வில்லை வைத்தார்கள். கண் விழித்து அவளைப் பார்த்தவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பத்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அதைப் பார்த்ததில்லை. அடிபட்டதும் நல்லதுக்குத்தான் என்று, வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும், அவள் நினைத்துக்கொண்டாள். விசிறி இல்லாமல் அவளுக்கு வேர்த்துக் கொட்டும். முழங்காலில் ஒரு வலியும் கிடையாது. பிடித்துவிடட்டும் என்று விட்டுவிட்டாள். சந்தோஷத்தில் கொஞ்சம் வேர்த்தால்தான் என்ன?

செவ்வாய்க்கிழமை காலை நேராகச் சோதனைப் பிரிவுக்குப் போனாள். அங்கே ஜெபசிங் இருந்தார். தூத்துக்குடிக்காரர், ஐம்பத்தெட்டு வயது, பதவியில் அவளுக்குக் கீழே, அனுபவத்தில் எல்லோருக்கும் மேலே. வில்லை வெளியே போகுமுன் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை.

"எதப் பாத்து சரியா இருக்குன்னு சொல்லுதீங்க, மேடம்?"

"எடிட்டர்ல திறந்து பார்த்தேனுங்க. இன்க்ளூட் வரியில வெச்சுத் தட்டினேன், கோப்பு வந்துச்சு."

"எடிட்டர் தொறந்ததப் பாத்திருக்கீங்க. கம்பைலர் தொறந்ததப் பாத்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

புரோகிராமை எழுதிப் பார்க்க எடிட்டர்; அதை வில்லைக்குள் ஓடுகிற வடிவுக்கு மாற்றக் கம்பைலர். ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "அந்த வரியில என்ன எழுதியிருக்கு? 'கணவன்'னு பேரு மட்டும் இருக்கு. எந்தத் தெரு, எந்த வீடுன்னு ஒண்ணுமில்ல. பேர மட்டும் வச்சிக்கிட்டு ஆளத் தேடணும்னா எங்கெங்க போய்த் தேடணும்னு ஒரு பட்டியல் வேணும்லா? எடிட்டர் கிட்ட ஒரு பட்டியல் இருக்கு. மொதல்ல நீங்க தொறந்து வச்சிருக்க ஃபோல்டர்லயே பாக்கும். கௌசல்யா ஃபோல்டர்ல நின்னுக்கிட்டுத் தேடினீங்க, கௌசல்யா கோப்பே கெடச்சிட்டு. கம்பைலர் கிட்ட இருக்கது வேற பட்டியல். நாம எந்த வரிசையில ஃபோல்டர எழுதிக் குடுத்தமோ அந்த வரிசையில போவும். மொத வீட்டுல அந்தப் பேர்ல ஆள் இருந்தா அவனக் கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வந்துரும். ரெண்டாவது வீட்ட எட்டிக்கூடப் பாக்காது."

"ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா?"

"மொதல்ல கெடச்சவன்தான் புருசன்."

"அப்ப எடிட்டர் எனக்குக் காட்டினது..."

"நீங்க பாக்கணும்னு நெனச்சதக் காட்டிருக்கு. வேலிக்கு ஓணான் சாட்சி."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கம்பைலரிடமே கேட்டுவிடலாம் என்றாள். எந்தெந்தக் கோப்பை எங்கிருந்து எடுத்தாய் என்று முழு முகவரியோடு எழுதிக் காட்டச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. பக்கம் பக்கமாக வரும், படிக்கப் பொறுமை வேண்டும். ஜெபசிங் அதைத் தட்டினார். திரையில் வரிகள் ஓடி நின்றன.

மகன், அக்கா, கணவன் என்று எல்லா வரியும் ஒரே ஃபோல்டரின் பெயரில்தான் தொடங்கின. அதன் பெயர் 'சோதனை'. கௌசல்யாவின் ஃபோல்டர் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது. அதை எதற்காகவும் யாரும் தொடவில்லை.

ஜெபசிங்கின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஊரார் மூளையில் வைப்பதற்கு முன் நம் வீட்டுச் சரக்கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது சோதனைப் பிரிவின் கௌரவம். அதனால் ஜெபசிங் சேர்ந்த புதிதில் தாமே பத்து நாள் ஸ்கேனரில் படுத்துத் தம் வீட்டு மனிதர்களைக் கோப்புகளாக்கிக் கொடுத்திருந்தார். பெண் நோயாளிகளுக்குச் சோதிக்க 'கணவன்' கோப்பு வேண்டுமே என்று அவர் மனைவி எஸ்தரும் வந்து படுத்தார். இரண்டும் சேர்ந்துதான் 'சோதனை' ஃபோல்டர். ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, சோதனைக்காரர்கள் அதைப் பட்டியலின் தலையில் நிரந்தரமாக வைத்திருந்தார்கள். வில்லை வெளியே போகும்போது அதை நீக்க ஒரு வரி தனியாக இருந்தது. ஜனவரியில் பட்டியலைப் புதுக் கோப்புக்கு மாற்றினார்கள். நீக்குகிற வரி பழைய கோப்பிலேயே தங்கிவிட்டது. மாற்றத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் சம்யுக்தா. எல்லா இன்க்ளூட் வரியையும் எடிட்டரில் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் போட்டிருந்தாள்.

"ஜனவரியிலருந்து எத்தன பேருங்க?"

"ஆயிரத்து நூத்து நாப்பது."

அவர்களில் ஆண்கள் அத்தனை பேரும் இத்தனை நாளாகத் தங்கள் மனைவிமாரை ஜெபசிங்கின் மனதோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பெண்களும் தங்கள் கணவன்மாரை எஸ்தரின் மனதோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அன்னூரில் ஒருத்தி, இரும்புப் பைப்பால் தன் மண்டையை உடைத்தவனுக்கு முன்னால், தூத்துக்குடி எஸ்தர் தன் ஜெபசிங்மேல் வைத்திருந்த நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கிறாள். 

"எஸ்தர் போயி நாலு வருசம் ஆச்சி மேடம்" என்றார் ஜெபசிங். திரையிலிருந்து அவர் கண் நகரவில்லை. "அவ எம்மேல வச்சிருந்தது இன்னும் எங்கயோ ஓடிக்கிட்டு இருக்கா? எத்தன பொம்பளைங்க?"

"நானூத்திச் சொச்சம் இருக்கும்."

"நானூறு பேரா!" என்றார். பிறகு, ஏதோ கெட்ட காரியம் செய்ததுபோல், "எனக்கு சந்தோசமா இருக்கு மேடம். இருக்கக் கூடாது. ஆனா இருக்கு" என்றார்.

அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. ஜனவரி என்று தானே வாயால் சொல்லியும் புத்திக்கு எட்டாத விஷயம். 

"ஜெபசிங், ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி இருந்துச்சுங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? வாதம். ராத்திரியெல்லாம் பிடிச்சி விடுவேன். ஃபேன் காத்து பட்டாலே ஆகாது அவளுக்கு. இவ எப்ப உக்காருவான்னு பாத்துக்கிட்டே இருந்து ஓடிப்போய் நிப்பாட்டுவேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். யுகேந்திரனுக்கு வில்லை சோதித்துக் கொடுத்தவரும் அவர்தான். "ஐயோ, மேடம்" என்றார்.

அவள் எழுந்து ஜன்னல் வரை போனாள்; திரும்பி வந்தாள்; மறுபடி போனாள். கீழே அவிநாசி ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தன் வாழ்நாளில் தன்னை அப்படிப் பார்த்த ஒரே பார்வை வேறொருத்திக்கு உரியது என்று தெரிந்தால் ஒரு பெண் என்ன செய்வாள்? சம்யுக்தாவுக்குக் கோபம் வந்தது. செத்துப்போன எஸ்தர்மேல் பொறாமை வந்தது. இரண்டையும் பார்த்து அவமானமும் வந்தது.

திருத்துவது பெரிய வேலை இல்லை. பட்டியலின் முதல் வரியை அழித்துப் புதுப் பதிப்பை அனுப்பினால், ஆயிரத்து நூற்று நாற்பது வில்லைகளும் தாமாக மாறிக்கொள்ளும். சென்னியப்பன் முதலில் பதறினார். கோர்ட், பத்திரிகை என்றெல்லாம் புலம்பினார். அன்னூர் வீட்டில் ஏதாவது நடந்தால் என்ன ஆகும் என்று சம்யுக்தா ஒரே கேள்விதான் கேட்டாள். மனிதர் வேர்த்துப்போய் ஒப்புக்கொண்டார். நோயாளிகளின் குடும்பங்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதித் தகவல் சொல்வது, புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு அவள் யுகேந்திரனின் ஃபோல்டரைத் திறந்தாள். இந்த முறை பெயரை நம்பவில்லை; முழு முகவரியைத் தட்டித் திறந்தாள். 'மனைவி'. பாசம் இருபத்திரண்டு. சலிப்பு எழுபத்தொன்று. கீழே இன்னும் நிறைய வரிகள் இருந்தன. அவள் அதற்குமேல் படிக்கவில்லை. திரையிலேயே பக்கத்தில் இன்னொரு ஜன்னலில் ஜெபசிங்கின் 'மனைவி'. பாசம் தொண்ணூற்றிரண்டு. அதை எடுத்து இதன்மேல் வைத்துவிட்டால் போதும். ஒரே ஒரு நகல். பட்டியல் சரியாக இருக்கும், முகவரி சரியாக இருக்கும், எந்தக் கட்டளையைத் தட்டினாலும் யுகேந்திரனின் சொந்த ஃபோல்டர் என்றுதான் காட்டும். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஜெபசிங் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"பண்ணிக்கிடுங்க மேடம்" என்றார் மெல்ல. "நான் பாக்கல."

"உங்களுக்கு அது சந்தோசம், இல்லீங்களா? ஒரு எடத்துலயாவது ஓடட்டும்னு."

அவர் மறுக்கவில்லை. "உங்க வீட்டு சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன். அவருக்கு வேணுமா வேண்டாமான்னு."

"இப்பக் கேட்டா பதில் யார் சொல்லுவா? வேணும்னு நீங்கதான் சொல்லுவீங்க, அவரு வாயால."

ஜெபசிங்குக்கு அது வலித்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டுத் தம் இடத்துக்குப் போனார். அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி சுட்டிமேல் வைத்தாள். மூன்று ஐம்பத்தெட்டுக்கு இரண்டு ஜன்னல்களையும் மூடினாள். நான்கு மணிக்குப் பதிப்பு போயிற்று.

நாலே காலுக்கு வசந்தி போனில் அழுதார். கௌசல்யா அன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். சமையல் செய்துகொண்டிருந்தவள் அடுப்பைக்கூட அணைக்காமல், செருப்பில்லாமல் ஓடிவந்திருக்கிறாள். "வந்து கூட்டிட்டுப் போன்னு கத்தறாளுங்க. நான் பஸ் ஏறிட்டேன். நீங்க நல்லா இருக்கோணும் சாமி" என்றார். சம்யுக்தாவும் அழுதாள். எதற்காக என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரமில்லை.

வீட்டுக்குப் போனபோது ஆறு மணி. யுகேந்திரன் சாப்பாட்டு மேஜையருகே இரண்டு கையையும் மேஜைமேல் பரப்பி உட்கார்ந்திருந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பத்து வருடமாகத் தெரியும்.

"நாலு மணிக்கு என்னமோ ஆச்சு" என்றான். "கரண்ட்டு போன மாதிரி."

"தெரியும். நான்தான்..."

"இரு. நான் சொல்லி முடிச்சர்றேன். ஆறு மாசமா நான் பண்ணுனதெல்லாம் ஞாபகம் இருக்குது, சம்யு. ஒண்ணுகூட மறக்கல. ஏன் பண்ணுனேன்னுதான் தெரியல."

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியலை, முதல் வரியை, ஜெபசிங்கை, எஸ்தரை, அவளுடைய முழங்காலை எல்லாம் சொன்னாள். அவன் மெஷின் பழுதுபார்க்கிறவன்; எங்கே தேய்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வதுபோல் கேட்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துக் காலைல."

"நேத்து ராத்திரி நான் உன் காலைப் பிடிச்சு உட்டுட்டிருந்தேன்."

"ஆமா."

"தெரிஞ்சும் சும்மா உக்காந்திருந்தே."

"ஆமா. கடைசியா ஒருக்கா இருக்கட்டும்னு உக்காந்திருந்தேன். போதுமா?" என்று அவள் கத்தினாள். அவனும் கத்தினான். இரண்டரை வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த முதல் சண்டை அது. அது நான் தானா, அந்த ஆளா, உனக்கு வித்தியாசமே தெரியலையா என்று அவன் கேட்டான். பத்து வருசத்துல எனக்கு வித்தியாசம் தெரியற மாதிரி நீ என்னத்தக் காட்டியிருக்கே என்று அவள் கேட்டாள். அவன் எழுந்து போய் ஒரு பையில் நான்கு சட்டையைப் போட்டுக்கொண்டான்.

"கோபியில அக்கா வீட்டுக்குப் போறேன். கொஞ்ச நாளைக்கு. கோபம் இல்ல. இங்க இருந்தா எந்தக் கை என்னோடதுன்னே தெரியல" என்றான். அவள் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நினைத்தாள்.

திங்கட்கிழமை சென்னியப்பன் அவள் மேஜைக்கே வந்தார். அது நல்ல சகுனமில்லை.

"முந்நூத்தி எழுவது விண்ணப்பம் வந்திருக்குதும்மா. தப்பத் திருத்துனதுக்குத் திட்டி வரும்னு பார்த்தா, அந்தத் தப்பையே திரும்பக் குடுங்கன்னு கேக்கறாங்க. பொண்டாட்டிக கேக்கறாங்க, புருசமாருக கேக்கறாங்க. ஒரு மாமியார்கூட எழுதியிருக்குது." அவர் குரலில் பயம் போய்ப் பசி வந்திருந்தது. "கேக்கறவங்களுக்குக் குடுத்தா என்ன தப்பு? ஒரு வசதியா வெச்சு, ஒரு பேரு குடுத்து..."

"யாரோட மனசைங்க விக்கறது? ஜெபசிங்கோடதா?"

"அந்தாளக் கேட்டுக்கலாம். நீ முதல்ல ஒவ்வொண்ணாப் படிச்சு, ஏத்துக்கறதா இல்லையான்னு காரணத்தோட எழுது. பொறகு பேசுவோம்."

படிக்க ஆரம்பித்தாள்.  'என் கணவர் ஆறு மாதம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.' 'பிள்ளைகளுக்கு முன்னால் என்னைத் திட்டாமல் இருந்தார்.' 'முதல் தடவையாகச் சாப்பிட்டாயா என்று கேட்டார், இப்போது கேட்பதில்லை.' எல்லாப் படிவத்திலும் ஒரே கட்டம் அவளை உறுத்தியது. விண்ணப்பிப்பவர் நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டம். மனைவி, மனைவி, கணவன், மனைவி, தாயார். தன்மேல் பாசம் வைக்க வேண்டும் என்று அடுத்தவர் மூளைக்கு மனு போடுகிறார்கள். அவள் ஒவ்வொன்றிலும் நிராகரிப்பு என்று எழுதினாள். நோயாளியின் ஒப்புதல் இல்லை என்று காரணம் எழுதினாள். எழுதும்போது தன்னையும் அந்த வரிசையில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டாள். புதன்கிழமை மூன்றரை மணிக்குச் சுட்டிமேல் கை வைத்திருந்த தானும் அவர்களில் ஒருத்திதான்.

இருநூற்றுச் சொச்சமாவது படிவத்தில் உறவு என்ற கட்டத்தில் 'நானேதான்' என்றிருந்தது.

அதுவரை படித்ததில் நோயாளியே கேட்டு எழுதியது அது ஒன்றுதான். அவள் நோயாளி எண்ணைப் பார்த்தாள். கோபிச்செட்டிபாளையத்து அக்கா வீட்டு முகவரி. காரணம் எழுதுகிற இடத்தில், கோணல்மாணலாக, ஞாயிற்றுக்கிழமை தேதியிட்டு, அவன் எழுதியிருந்தான்:

'ஆறு மாசம் எப்படி இருந்தேன்னு இங்க உக்காந்து நினைச்சுப் பார்த்தேன். அந்த மாதிரி இருக்கணும்னு தோணுது. எனக்குச் சொந்தமா வராது போலிருக்குது. அவளுக்கு முழங்கால் வலி இல்லைங்கறது தெரியும். அதை மட்டும் எடுத்துட்டு மீதியை வெச்சு உடுங்க.'

சம்யுக்தா அதை மூன்று தரம் படித்தாள். அவன் வில்லையை அலுவலகத் திரையில் அழைத்து, அன்று ஜெபசிங் தட்டிய கட்டளையையே தட்டி, முழு முகவரியையும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய கோப்புதான். பாசம் இருபத்திரண்டு, சலிப்பு எழுபத்தொன்று. அதற்குக் கீழே, அன்று அவள் படிக்காமல் விட்ட வரிகள் இருந்தன. நெருங்கப் பயம் அறுபது. நெருங்க ஆசை எண்பத்தெட்டு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எண்பத்தெட்டுதான்.

தன் சொந்தக்காரர்களின் மனுவை எந்த அதிகாரியும் முடிவு செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். படிவத்தின் அடியில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினாள். காரணம் எழுதாமல் படிவத்தை மூட முடியாது. கொஞ்சம் யோசித்து, 'நோயாளியின் சொந்தக் கோப்பு நன்றாகவே வேலை செய்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு சென்னியப்பனிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கோபிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போனாள்.